ராணி வரும் சந்தையில் நம்ம கடை

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். வார நாளில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவள், சனி ஞாயிறில் ரெனசான்ஸ் ஃபேரில் தோலில் தைத்த சுருக்குப் பை விற்கிறேன் என்று. அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவே இல்லை. டெக்சாஸ், அரிசோனா, நியூ ஜெர்சி என்று எல்லாப் பக்கமிருந்தும் ஒரே பாட்டு: "அக்கா, எங்க ஊர்ல புதுசா ஒண்ணு ஆரம்பிக்கிறாங்க, நாங்களும் கடை போடலாமா?" அதனால் இந்த மாதம் சமையல் குறிப்புக்கு லீவு.

விஷயம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஒரு பெரிய மைதானத்தை 16-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து கிராமம் மாதிரி ஜோடித்து, நடிகர்கள் ராஜா ராணியாக உலா வர, குதிரை மேல் ஈட்டிச் சண்டை நடக்க, டிக்கெட் வாங்கி வருகிற ஜனத்திலும் பலர் வேஷம் கட்டிக்கொண்டே வருகிற வார இறுதித் திருவிழா இது. 1963-இல் கலிஃபோர்னியாவில் ஃபிலிஸ் பேட்டர்சன் என்ற ஆசிரியையும் அவர் கணவர் ரானும் கே.பி.எஃப்.கே. வானொலிக்கு நிதி திரட்ட நடத்தியதில் தொடங்கியது. மினசோட்டாவில் 1971 முதல், எங்கள் டெக்சாஸில் டாட் மிஷன் என்ற சின்ன ஊரில் 1974 முதல், வாக்ஸஹாச்சியில் 1981 முதல் நடக்கிறது. நம் ஊர்ப் பொருட்காட்சியையும் தேர்த் திருவிழாவையும் ஒன்றாகக் கலந்து, அதில் எல்லோருக்கும் ராஜபார்ட் உடுப்பு மாட்டிவிட்டால் எப்படியோ அப்படி.

சரி, கடிதங்களுக்கு வருவோம்.

டல்லஸ் அருகிலிருந்து ஒரு வாசகி: எங்கள் பக்கத்தில் ஒரு பண்ணை நிலத்தில் முதல் முறையாக ரெனசான்ஸ் ஃபேர் நடத்தப் போகிறார்களாம். இரண்டு நாள், பத்துக்குப் பத்தடி இடத்துக்கு 400 டாலர். நான் வீட்டில் மெழுகுவத்தி செய்கிறேன். "முதல் வருஷம் வருகிறவர்களுக்கு அடுத்த வருஷம் முன்னுரிமை" என்கிறார்கள். நம்பலாமா அக்கா?

போங்கள். ஆனால் அந்த 400 டாலரை இன்றைக்கே தலை முழுகிவிட்டுப் போங்கள். திரும்பி வந்தால் சந்தோஷம்.

நம்மைப் போலப் புதிதாக நுழைகிறவர்களுக்கு முதல் வருஷ ஃபேரை விட்டால் சுலபமான வாசல் கிடையாது, அதனால்தான் போகச் சொல்கிறேன். பழைய பெரிய ஃபேர்களில் நீங்கள் பார்க்கிற மரக்கடைகள் பலவும் கடைக்காரர்கள் தங்கள் கைக்காசு போட்டுக் கட்டியது, அல்லது இன்னொரு கடைக்காரரிடமிருந்து விலைக்கு வாங்கியது. நிலம் ஃபேர்காரருடையது, கட்டடம் இவருடையது, வருஷா வருஷம் இடத்துக்குப் பணம் கட்டுவார். அந்தக் கடை காலியாக வேண்டுமென்றால் ஒருவர் வயதாகி ஓய்வு பெற வேண்டும். அப்படியே காலியானாலும் "எங்களிடம் ஏற்கெனவே மெழுகுவத்திக்காரர் இரண்டு பேர் இருக்கிறார்கள்" என்று பதில் வரும். புது ஃபேரில் எல்லோருக்கும் டெண்ட்தான், எல்லோரும் புதுசுதான்.

ஆனால் நடத்துகிறவர்களும் புதுசு, சிக்கலே அங்கேதான். நான் பார்த்தவரை இவர்கள் கெட்டவர்கள் இல்லை. பத்து வருஷம் ரசிகர்களாகவே ஃபேர் ஃபேராகப் போய்வந்தவர்கள், "நாமே ஒன்று நடத்தினால் என்ன" என்று இறங்கியவர்கள். ராணியின் கிரீடத்துக்கு எத்தனை கல் என்று சொல்வார்கள், கழிப்பறை எத்தனை வேண்டும் என்று கேட்டால் முழிப்பார்கள்.

என் கதையைச் சொல்கிறேன். எந்த ஃபேர் என்று கேட்காதீர்கள், இப்போது அது நடப்பதும் இல்லை. வெள்ளிக்கிழமை மழை. பார்க்கிங் என்று காட்டியது உழுது போட்ட வயல். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாசல் திறக்க வேண்டும், முதல் இருபது கார் உள்ளே வந்ததுமே சக்கரம் புதைந்துவிட்டது, டிராக்டர் வைத்து இழுத்தார்கள், பின்னால் வந்த கார்கள் ரோட்டிலேயே வரிசை கட்டி நின்று அப்படியே திரும்பிப் போய்விட்டன. உள்ளே நாங்கள் அறுபது கடைக்காரர்கள், முழு வேஷத்தில், ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்குப் போணி ஆனதே மதியம் ஒன்றே கால் மணிக்கு. வாங்கினது யார் தெரியுமா, எதிர்க்கடை இரும்புக் கவசக்காரர், பாவம் பார்த்து. ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டிகளை இனி உள்ளே விட முடியாது என்று மொத்தத்தையும் நிறுத்திவிட்டார்கள். காசைத் திருப்பிக் கேட்டேன். ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தில் "மழையானாலும் வெயிலானாலும், எக்காரணம் கொண்டும் பணம் திருப்பித் தரப்படாது" என்று இருந்தது. கையெழுத்து என்னுடையதுதான். படிக்காமல் போட்டது யார் தப்பு?

அதிலிருந்து நான் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு இமெயில் அனுப்பிவிடுவேன். கவுண்டியில், அதாவது மாவட்ட நிர்வாகத்தில், அனுமதி வாங்கியாகிவிட்டதா, இல்லை விண்ணப்பித்திருக்கிறீர்களா (இரண்டும் ஒன்றில்லை)? மழை பெய்தால் கார் எங்கே நிற்கும்? ஒரு நாள் ரத்தானால் பணம் என்னாகும், அடுத்த வருஷத்துக்காவது சேர்த்துக்கொள்வீர்களா? ராத்திரி காவல் உண்டா? என் சரக்கையே விற்கிற கடை எத்தனை? இதற்கெல்லாம் பதில் "பார்க்கிங்குக்குப் பக்கத்துப் பள்ளி மைதானத்தைப் பேசி வைத்திருக்கிறோம்" என்கிற ரகத்தில் வந்தால் தைரியமாகப் போவேன். "கவலையே படாதீங்க, ஃபேஸ்புக்கில் பயங்கர ரெஸ்பான்ஸ்" என்று வந்தால் போக மாட்டேன். லைக் போடுகிறவன் டிக்கெட் வாங்குவதில்லை.

எல்லோரும் கூட்டம் எவ்வளவு வரும் என்றுதான் கேட்கிறார்கள், கடை எத்தனை என்று கேட்பதில்லை. நீங்களே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு நாளில் 3,000 பேர் வருகிறார்கள், டிக்கெட் போக ஆளுக்கு 25 டாலர் உள்ளே செலவழிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 75,000 டாலர். பாதி சாப்பாட்டுக்கும் பியருக்கும் போய்விடும். மிச்சம் 37,500. அறுபது கடை என்றால் கடைக்குச் சராசரி 625 டாலர். அதில் உங்கள் மெழுகு, திரி, ஜாடிச் செலவு ஒரு 200, இடத்துக்கு 400, இன்ஷூரன்ஸ், பெட்ரோல் ஒரு நூறு. ஆக, கைநஷ்டம் 75 டாலர். இரண்டு நாள் நின்ற கால்வலிக்குக் கூலி கணக்கில் சேரவில்லை. இதே கூட்டத்துக்குக் கடை நூறு என்றால் சராசரி 375-க்கு இறங்கிவிடும். நடத்துகிறவர் கையில் பணம் தட்டுப்பட்டால் அவர் முதலில் செய்கிற காரியம், இன்னும் நாற்பது கடைக்காரர்களைச் சேர்ப்பதுதான். அதனால் அதிகபட்சம் எத்தனை கடை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பணத்தை கிரெடிட் கார்டில் கட்டுங்கள். நண்பர்களுக்கு அனுப்புகிற மாதிரி ஆப்பில் அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள், ஃபேரே நடக்காமல் போனால் கார்டு கம்பெனியிடமாவது முறையிட வழி இருக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் சான்று பெரும்பாலும் கேட்பார்கள், வழக்கமாக ஒரு சம்பவத்துக்கு 10 லட்சம் டாலர் வரைக்குமான பொறுப்புக் காப்பீடு, அதில் ஃபேர்காரர் பெயரையும் சேர்க்கச் சொல்வார்கள். தொகையைப் பார்த்து மயங்கி விழ வேண்டாம், ஒரு வார இறுதிக்கு மட்டும் என்று எடுத்தால் பிரீமியம் கையைக் கடிக்காது. கேட்காவிட்டாலும் எடுங்கள், நீங்கள் விற்பது நெருப்பு பற்றவைக்கிற சாமான்.

அப்புறம் டெண்ட். ஒவ்வொரு காலுக்கும் குறைந்தது 40 பவுண்டு கனம் கட்டுங்கள். நாலு கால், 160 பவுண்டு, தூக்கிப் போக முதுகு விட்டுப் போகும், தெரியும். பிவிசி குழாயில் சிமெண்ட் ஊற்றிக்கொள்ளலாம், மணல் மூட்டைக்குச் சணல் சாக்கு மாட்டிவிட்டால் பார்க்கவும் பழைய காலம் மாதிரி இருக்கும். கனம் கட்டாத ஒரு டெண்ட் காற்றில் கிளம்பி, ஒரு மண்பானைக்காரர் கடை மேல் இறங்கினதை நான் நேரில் பார்த்தேன். சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

ஹூஸ்டனிலிருந்து ஒரு வாசகர்: நான் ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன், மனைவி என்னைச் சார்ந்து ஹெச்-4 விசாவில். அவர் மணி கோத்து நகை செய்வார். வார இறுதிதானே, சின்னக் கடைதானே, பிரச்னை வராதில்லையா?

வரும், தம்பி. கடை சின்னது என்பதெல்லாம் குடியேற்றத் துறைக்குக் கணக்கில்லை. ஹெச்-1பியில் இருக்கிறவர், தன் பெயரில் மனு போட்ட முதலாளியிடம் மட்டும்தான் வேலை பார்க்கலாம். மனைவியிடம் வேலை அனுமதி அட்டை, அதாவது இஏடி, இருந்தால் அவர் தாராளமாகச் சொந்தக் கடை போடலாம். ஹெச்-4 காரர்களில் ஒரு பகுதியினருக்கு 2015 முதல் இது கிடைக்கிறது, பொதுவாகக் கணவருக்கோ மனைவிக்கோ கிரீன் கார்டு வழியில் ஐ-140 என்ற மனு ஒப்புதல் ஆகியிருக்க வேண்டும். அட்டை இல்லையென்றால் கடை வேண்டாம். அட்டை இருந்தாலும் கல்லாவில் உட்கார வேண்டியது அவர்தான், நீங்கள் இல்லை. "சும்மா கூட நிற்கிறேன், சம்பளம் வாங்கலையே" என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரியும், அந்தச் 'சும்மா' எதுவரை என்பதைப் பத்திரிகைக்காரியிடம் கேட்காமல் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு தடவை காசு கொடுத்துக் கேட்டுவிடுங்கள். எஃப்-1 மாணவர்கள் இரண்டு பேரும் இதையே கேட்டிருந்தார்கள். அவர்களுக்கும் இப்போதைக்கு வேண்டாம் என்பதே பதில். டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் வேடிக்கை பாருங்கள், யார் என்ன விலைக்கு விற்கிறார்கள் என்று நோட்டம் விடுங்கள், அதற்கு எந்த விசாவும் தடையில்லை.

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு வாசகி: கும்பகோணம் பித்தளை விளக்கு, கலம்காரித் துணி, தூத்துக்குடி முத்து எல்லாம் ஊரிலிருந்து வரவழைத்து விற்கலாம் என்று எண்ணம். பழைய காலத்துப் பொருள்தானே, எடுத்துக்கொள்வார்கள்தானே?

பழைய காலத்துப் பொருளா என்பதை அப்புறம் பார்ப்பார்கள், நீங்கள் செய்த பொருளா என்றுதான் முதலில் கேட்பார்கள். விண்ணப்பத்தோடு சரக்கின் படம், கடையின் படம், சில இடங்களில் நீங்கள் பட்டறையில் உட்கார்ந்து வேலை செய்கிற படம்கூடக் கேட்பார்கள். ஒரு குழு உட்கார்ந்து பார்த்துத் தேர்ந்தெடுக்கும். வாங்கி விற்கிற சரக்கை முழுக்க மறுக்கிற ஃபேர்களும் உண்டு, இத்தனை சதவீதம் வரை போகட்டும் என்று விடுகிறவையும் உண்டு. புது ஃபேர்கள் இதில் தாராளம், கடை நிரம்பினால் போதும் அவர்களுக்கு. அந்தத் தாராளம் உங்களுக்கே வினையாகலாம், எதிரில் ஒருவர் அதே விளக்கை மொத்த விலையில் கொண்டுவந்து பாதி விலைக்குக் கொடுப்பார்.

சரித்திரம் உங்கள் பக்கம் நன்றாகவே இருக்கிறது, அதைக் கடையில் பேசுங்கள். முதலாம் எலிசபெத் ராணியின் சித்திரங்களில் உடம்பெல்லாம் முத்துதான். அதே 16-ஆம் நூற்றாண்டில் நம் முத்துக்குளித்துறை போர்ச்சுகீசியர் பிடியில் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எலிசபெத் பட்டயம் எழுதிக்கொடுத்தது 1600-ஆம் ஆண்டின் கடைசி நாளில். சோழமண்டலக் கரையிலிருந்து போன சித்திரத் துணி கொஞ்சம் பிந்தி 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவைக் கலக்கிவிட்டது, உள்ளூர் நெசவாளர்கள் போட்ட கூச்சலில் இங்கிலாந்து பாராளுமன்றம் அதைத் தடுக்க 1700-இலும் 1721-இலும் சட்டமே போட்டது. கலம்காரியைக் கையில் வாங்கிப் பார்க்கிற வெள்ளைக்காரப் பாட்டியிடம் "உங்க முன்னோர் இதைத் தடை பண்ணினாங்க, தெரியுமா" என்று சொல்லிப் பாருங்கள், துணியைக் கீழே வைக்க மாட்டார்.

என் யோசனை: துணியை வரவழைத்து, அதில் நீங்களே எதையாவது தையுங்கள். தலையில் கட்டுகிற துணி, இடுப்புக் கச்சை, பை, எதுவானாலும். அப்போது அது உங்கள் கைவேலை. இன்னொன்று, 800 டாலருக்குள் இருந்தால் சுங்கவரி இல்லை என்ற சலுகை 2025 ஆகஸ்ட் கடைசியோடு போய்விட்டது. மாமா சூட்கேஸில் கொண்டுவருவார் என்ற கணக்கும் வேண்டாம், விற்கக் கொண்டுவருகிற சரக்கு சொந்த உபயோகப் பொருள் ஆகாது. வரியையும் சேர்த்து விலை வையுங்கள்.

ஃபீனிக்ஸிலிருந்து ஒரு வாசகர்: தோசைக் கடை?

நல்ல ஆசை. பெரிய ஃபேர்கள் பலவற்றில் சாப்பாட்டு வியாபாரத்தை நடத்துகிறவர்களே கையில் வைத்துக்கொள்வார்கள், லாபம் அங்கேதானே. புது ஃபேரில் இடம் கிடைக்கலாம். ஆனால் கவுண்டி சுகாதாரத் துறையின் தற்காலிக உணவு அனுமதி, கை கழுவத் தண்ணீர், தீயணைப்புக் கருவி, தீப்பிடிக்காத துணி என்று சான்று உள்ள டெண்ட் என்று பட்டியல் நீளும். முதல் கடையே அடுப்புக் கடையாக வேண்டாம். "தோசை அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஏது" என்று யாராவது கேட்டால் மட்டும் கவலைப்படாதீர்கள், அங்கே ஆளுக்கொன்று கையில் பிடித்துக் கடிக்கிற வான்கோழிக் காலும், வறுத்த உருளைக்கிழங்கும், சோளக்கதிரும் மூன்றுமே அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன சரக்கு.

ஆஸ்டினிலிருந்து ஒரு வாசகி: கடைக்காரர்களும் வேஷம் போட வேண்டுமா? சேலை கட்டிக்கொண்டு நிற்கலாமா? எனக்கு அந்த இறுக்கிக் கட்டுகிற உடுப்பெல்லாம் ஆகாது.

வேஷம் அநேகமாகக் கட்டாயம். அங்கே அதை 'கார்ப்' என்பார்கள். இறுக்கிக் கட்டுகிற மார்க்கச்சை கட்டாயம் இல்லை. தளர்ந்த காடாத்துணிச் சட்டை, நீளப் பாவாடை, இடுப்பில் ஒரு பட்டை, தலையில் ஒரு துணி, அவ்வளவு போதும், குடியானவப் பெண்ணாகிவிடலாம். சேலையை நான் கட்டியிருக்கிறேன். கைத்தறிப் பருத்தி, ஜரிகை இல்லாதது, ஊசி வெளியே தெரியாமல். கீழ்த்திசையிலிருந்து மிளகு விற்க வந்தவள் என்று சொல்லிக்கொண்டேன், ரசித்தார்கள். ஆனால் முன்கூட்டியே படம் அனுப்பிக் கேட்டுவிட்டுத்தான் கட்டினேன், சில இடங்களில் இங்கிலாந்தைத் தாண்டி எதுவும் கூடாது என்பார்கள். (அதே இடத்தில் டிராகன் வாலும் தேவதைச் சிறகும் கட்டிக்கொண்டு ஆட்கள் திரிவார்கள், அதைக் கேட்காதீர்கள்.) கீழே செருப்பு மட்டும் நல்லதாக இருக்கட்டும். சரளைக்கல் தரையில் எட்டு மணி நேரம் நிற்க வேண்டும், பாவாடைக்குள் நீங்கள் என்ன ஷூ போட்டிருக்கிறீர்கள் என்று ராணி குனிந்து பார்க்கப் போவதில்லை.

கடைக்கும் வேஷம் உண்டு. பிளாஸ்டிக் டப்பா, அச்சடித்த பேனர், நீல நிற டெண்ட் எதுவும் கண்ணில் படக்கூடாது. இரும்புக் கால்களுக்குச் சணல் துணி சுற்றுங்கள், மேஜையைத் தரை வரைக்கும் காடாத்துணியால் மூடுங்கள், டப்பாவெல்லாம் அதற்குள்ளே. விலையைக் கையால் எழுதுங்கள். கார்டு தேய்க்கிற கருவியைச் சின்ன மரப்பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். காட்டுக்குள் சிக்னல் கிடைக்காது, நெட் இல்லாமலே கார்டு வாங்குகிற வசதியை முதல்நாளே போட்டுப் பழகிக்கொள்ளுங்கள், அந்தக் கார்டு பிறகு செல்லாமல் போனால் நஷ்டம் நம்முடையது என்பதையும் நினைவில் வையுங்கள். ஐந்து டாலர், ஒரு டாலர் நோட்டாக நூறு டாலருக்குச் சில்லறை. சில்லறை இல்லாத கல்லா அங்கேயும் கல்லா இல்லை.

சான் அன்டோனியோவிலிருந்து: விற்பனை வரி யார் கட்டுவது?

நீங்கள். டெக்சாஸில் அதற்கான பெர்மிட் இலவசம், மாநில வரியை வசூலிக்கிற கம்ப்ட்ரோலர் அலுவலக இணையதளத்திலேயே எடுக்கலாம். மாநில வரி 6.25 சதவீதம், உள்ளூர் வரி அதிகபட்சம் 2, ஆக 8.25 வரைக்கும். ஃபேர் நடக்கிற ஊரின் விகிதத்தில் வாங்க வேண்டும், உங்கள் வீட்டு ஊரின் விகிதத்தில் இல்லை. ஒன்றுமே விற்காத காலாண்டுக்கும் பூஜ்யம் போட்டுத் தாக்கல் செய்தாக வேண்டும், இதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். வேறு மாநிலத்துக்குப் போனால் அந்த ஊர் விதியைத் தனியாகப் பாருங்கள். வருமான வரியில் செலவு போக நிகர லாபம் 400 டாலரைத் தொட்டால் சுயதொழில் வரியும் சேரும், 15.3 சதவீதம். பெட்ரோல், ரசீது, மைல் எல்லாவற்றையும் அன்றன்றைக்கே எழுதிவையுங்கள்.

டென்வரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: மருதாணி போடுகிற கடை நன்றாக ஓடுமா?

ஓடும், நிறைய ஃபேர்களில் ஏற்கெனவே இருக்கும், அதனால் முதலில் கேளுங்கள். இலையை அரைத்தோ தூளைக் குழைத்தோ நீங்களே கலந்ததை மட்டும் போடுங்கள். 'கருப்பு மருதாணி' என்று பத்து நிமிஷத்தில் பிடிக்கிற கூம்பைத் தொடவே வேண்டாம். அதில் பெரும்பாலும் பிபிடி என்ற தலைச்சாய ரசாயனம் கலந்திருக்கும், தோல் கொப்பளித்துத் தழும்பாகிவிடலாம். அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையான எஃப்.டி.ஏ. மருதாணியைத் தலைமுடிச் சாயத்துக்குத்தான் அனுமதித்திருக்கிறதே தவிரத் தோலில் போட இல்லை, எனவே உங்கள் இன்ஷூரன்ஸ்காரரிடம் இந்தத் தொழிலை மறைக்காமல் சொல்லித்தான் பாலிசி எடுக்க வேண்டும்.

அட்லாண்டாவிலிருந்து ஒரு அம்மா: எனக்குப் பூக் கட்டத் தெரியும். வேறு கைவேலை எதுவும் தெரியாது. கிரீன் கார்டு இருக்கிறது. மகள் "நீங்களும் கடை போடுங்கம்மா" என்கிறாள். இதில் எனக்கு என்ன இருக்கிறது?

அம்மா, இந்தக் கடிதத்தைக் கடைசிக்கு எடுத்து வைத்தேன். ஃபேர் வாசலுக்குள் நுழைந்ததும் சின்னப் பெண் குழந்தை முதலில் கேட்பது வாளா பூங்கிரீடமா என்றால், பத்துக்கு ஏழு பூங்கிரீடம்தான். என் கண்கணக்கு அது. தலையைச் சுற்றி வளையமாகப் பூ, பின்னால் முதுகு வரை தொங்குகிற ரிப்பன். அவர்கள் அதைக் கம்பியும் பச்சை டேப்பும் வைத்துச் சுற்றுகிறார்கள், ஒன்று செய்ய எவ்வளவு நேரம் எடுக்கிறார்கள் தெரியுமா? நீங்கள் வாழைநாரில் நாலு விரல் விட்டுக் கட்டுகிற வேகத்துக்கு அவர்கள் வேலை நத்தை.

நிஜப் பூ வேண்டாம், ஜூன் மாத வெயிலில் மதியத்துக்குள் தலை தொங்கிவிடும், வாங்கிய குழந்தை அழுதுகொண்டு திரும்பி வரும். உலர்ந்த பூ, துணிப் பூ. வாழைநாருக்குப் பதில் மெழுகு போட்ட பருத்தி நூல். அதே மாற்று முடிச்சுதான், இரண்டு பூ இப்படி, இரண்டு அப்படி, அடுத்த வரிசை அதன் இடுக்கில். சரத்தைத் துணி சுற்றிய வளையத்தில் வைத்துத் தைத்துவிட்டால் கழன்று வராது. நுனியை மூடாமல் ரிப்பனால் பின்பக்கம் முடிச்சுப் போடுகிற மாதிரி விடுங்கள், குழந்தைத் தலைக்கும் அப்பா தலைக்கும் ஒரே கிரீடம் பொருந்தும். அப்பாக்களும் வாங்குவார்கள், பாருங்களேன்.

கட்டியதை மட்டும் வைத்துவிட்டுச் சும்மா உட்காராதீர்கள், கடை முன்னால் உட்கார்ந்து கட்டுங்கள். நான் தோல் தைத்துக்கொண்டிருக்கும்போது நிற்கிற கூட்டம், சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிற்பதில்லை. ஆங்கிலம் சரளமாக வராதே என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். அங்கே எல்லோருமே 400 வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தைத் தப்புத் தப்பாகப் பேசிக்கொண்டிருப்பார்கள், நீங்கள் சிரித்தால் போதும்.

முதல் தடவை பத்துக்குப் பத்தடி இடத்துக்குக் காசு கட்டாதீர்கள். அங்கே சில ஃபேர்களில் கூடையில் வைத்து நடந்தே விற்க அனுமதி உண்டு, கட்டணமும் குறைவு, நம் ஊரில் பூக்காரம்மா விற்கிற அதே முறை. அதைக் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் மகளை விட்டு வேறு யாராவது கடைக்காரரோடு பாதி இடம் பகிர்ந்துகொள்ள முடியுமா என்று எழுதச் சொல்லுங்கள், பங்கு போடுவதற்கும் ஃபேர்காரர் சம்மதம் எழுத்தில் வேண்டும். முப்பது கிரீடம் கட்டி எடுத்துப் போங்கள், அதில் பத்து குழந்தை அளவு. அப்புறம் மறக்காமல் ஒரு கைக்கண்ணாடி, மரச்சட்டம் போட்டது. தலையில் வைத்துத் தன்னைப் பார்த்துவிட்ட குழந்தை அதைக் கழற்றித் தராது.

எந்த ஃபேர் என்று முடிவானதும் எழுதுங்கள். அட்லாண்டா பக்கம்தான் என் சித்தி மகள் இருக்கிறாள், டெண்ட் கட்ட ஆள் அனுப்புகிறேன்.